அத்தை என்று ஒரு பெட்டி

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். மாமாவின் முதுகுவலி மட்டும் விட்டபாடில்லை; அதையும் வீட்டில் ஒரு ஆளாகச் சேர்த்துக்கொண்டோம். நீ, உன் மனைவி, பாப்பா மூவரும் எப்படி இருக்கிறீர்கள்? பாப்பாவின் முன்பல் விழுந்ததா, இன்னும் ஆடிக்கொண்டேதான் இருக்கிறதா?

போன் இருக்கும்போது இவள் எதற்கு உட்கார்ந்து எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் நீ "சரிக்கா" என்பதற்கு மேல் பேசியதில்லை. தாளில் எழுதினால் நாலு வரியாவது எழுதுவாய். அலுவலக மெயிலில் எழுதவும் எனக்கு இஷ்டமில்லை, அதை யார் யார் படிக்கிறார்கள் என்று தெரியாது.

எங்கள் தலைமை அலுவலகத்தில் எனக்கு ஒரு புது வேலை கொடுத்திருக்கிறார்கள். உங்கள் சாய ஆலையில் தொழிலாளிகள் பெயர் சொல்லாமல் புகார் கொடுக்க ஒரு வழி ஏற்படுத்த வேண்டும். காரணம் உனக்குத் தெரிந்திருக்கும். ஜனவரியில் உங்கள் வெளுப்புப் பிரிவில் ஒருவருக்குத் தாடை உடைந்தது. அந்தச் செய்தி எப்படியோ துணி வாங்கும் கம்பெனிவரை போய்விட்டது. இப்படி ஒரு ஏற்பாடு இல்லாமல் இனி ஆர்டர் இல்லை என்று எழுதிவிட்டார்கள். என் தம்பி அங்கே டையிங் மாஸ்டர் என்பதால் எனக்கு அந்த இடம் புரியும் என்று என் தலையில் கட்டினார்கள்.

எனக்கு ஒரே பயம்தான். பெட்டி வைப்பது பெரிய காரியமில்லை. அதில் சீட்டுப் போட்டவன் மறுநாளும் முழுசாக வேலைக்கு வர வேண்டும். அதற்கு நான்தான் பொறுப்பு.

உனக்கு இரண்டு கேள்விகள். பெட்டியை எங்கே வைக்கலாம், எப்படி இருந்தால் உன் ஆட்கள் பயப்படாமல் கிட்டே வருவார்கள்? இன்னொன்று, தாடை உடைந்தவர் படிக்கட்டில் விழுந்ததாக ஆலையின் அறிக்கை சொல்கிறது. நான் பார்த்தவரை உங்கள் ஆலை முழுக்கத் தரைத்தளம்தானே? எந்தப் படிக்கட்டு?

பாப்பாவுக்கு என் முத்தம். உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


மார்ச் 19

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நன்றாக இருக்கிறோம். மாமாவின் முதுகை விசாரித்ததாகச் சொல். உன் தம்பி பெண்டாட்டி போன வாரம் குளியலறையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டில் மாவுக்கட்டுப் போட்டிருக்கிறாள். அதனால்தான் அவள் உனக்கு எழுதவில்லை. பாப்பாவின் பல் இன்னும் ஆடுகிறது. பிடுங்கிவிடுகிறேன் என்றால் வீட்டைச் சுற்றி ஓடுகிறாள்.

உன் வேலையைக் கேட்டுச் சிரித்தேன். படித்தவர்கள் எல்லாவற்றுக்கும் ஒரு பெட்டி செய்துவிடுகிறீர்கள். இருந்தாலும் கேட்டுவிட்டாய், சொல்கிறேன்.

வாசலில் வைக்காதே, வாட்ச்மேன் கண் முழுக்க அதிலேயே இருக்கும். கேன்டீனில் வைத்தால் யார் எழுந்து போகிறான் என்று எல்லோரும் பார்ப்பார்கள். சாயக் கூடத்திலிருந்து கை கழுவும் குழாய்க்குப் போகிற சந்து இருக்கிறதே, அங்கே வை. கேமரா இல்லை. ஷிப்ட் முடிந்ததும் எல்லோரும் அந்த வழியாகத்தான் போக வேண்டும், அதனால் எவன் மேலும் சந்தேகம் வராது. போகிற போக்கில் ஒரு விரலால் மூடியைத் தள்ளிச் சீட்டைப் போட்டுவிட்டுப் போகலாம்.

நிறம் வெள்ளை. கறுப்புப் பெட்டி என்றால் பிணப்பெட்டி மாதிரி இருக்கும். நாளெல்லாம் சாயத்தைப் பார்க்கிறவனுக்கு வெள்ளைதான் கண்ணுக்குக் குளிர்ச்சி. நல்ல பளபளப்பான எனாமல் வெள்ளை அடி.

என் கையைப் பார்த்தால் நீ நம்பமாட்டாய். மாஸ்டர் ஆன பிறகு தொட்டியில் கை வைப்பதே இல்லை. நகக்கண்ணில்கூடக் கறை கிடையாது, கணக்கு வாத்தியார் கை மாதிரி ஆகிவிட்டது.

தம்பி


ஏப்ரல் 6

அன்புள்ள தம்பிக்கு,

கடிதம் கண்டதும் முதலில் உன் மனைவியின் கையை நினைத்துத்தான் வருத்தப்பட்டேன். குளியலறையில் ஒரு ரப்பர் விரிப்பு வாங்கிப் போடேன். மாவுக்கட்டோடு சமைக்கிறாளா? ஒரு மாதத்துக்கு யாரையாவது உதவிக்கு வைத்துக்கொள்.

நீ சொன்னபடியே பெட்டி தயார். இரும்புத் தகடு, பளபளக்கும் வெள்ளை, உள்பக்கம் மடங்கும் மூடி. நிர்வாகக் கூட்டத்தில் அதைப் பார்த்த உங்கள் ஆலையின் பொது மேலாளர், "பெட்டி நல்லாருக்கு மேடம், ஆனா பூட்டு எதுக்கு? நாம என்ன திருடங்களா?" என்றார். பூட்டு என்று ஆனதும் இரண்டாவது சாவியைத் தனக்குக் கேட்டார். அதற்காக இரண்டு மணி நேரம் சண்டை போட்டேன். கடைசியில் சாவி என்னிடம் மட்டும்தான். மாதம் ஒருமுறை நானே வந்து திறப்பேன். சீட்டில் இருப்பதை என் கையெழுத்தில் எழுதித்தான் மேலே கொடுப்பேன். எழுதியவன் கையெழுத்தை வேறு யாரும் பார்க்க முடியாது.

எங்கள் அலுவலகத்தில் முன்பு ஆலோசனைப் பெட்டி என்று ஒன்று இருந்தது. ஒரு வருடம் கழித்துத் திறந்தபோது மிட்டாய்த் தாளும், "டீயில் கரப்பான்" என்ற ஒரே ஒரு சீட்டும் இருந்தன. அந்தச் சீட்டை எழுதியது யார் என்று மேலாளர் மூன்று பேரைக் கூப்பிட்டு விசாரித்தாராம். கரப்பானை யாரும் விசாரிக்கவில்லை.

பெட்டியை மாட்ட வரும்போது உன் வீட்டுக்கு வரமாட்டேன், கோபித்துக்கொள்ளாதே. மாஸ்டர் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்து பெட்டி மாட்டினால் எவன் நம்புவான்?

படிக்கட்டு பற்றிக் கேட்டிருந்தேன். மறந்துவிட்டாய் போலிருக்கிறது.

அக்கா


மே 2

அன்புள்ள அக்காவுக்கு,

எங்கள் பக்கம் குறை ஒன்றும் இல்லை. வெயில் கொளுத்துகிறது, பாய்லர் பக்கத்தில் நின்றால் ஆளே வெந்துவிடுவான் போலிருக்கிறது. கட்டுப் பிரித்தாகிவிட்டது. அவள் நன்றாக இருக்கிறாள், உன்னை விசாரித்தாள்.

உன் பெட்டியை முதல் வாரம் வெடிகுண்டைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டு சுவரோரமாகப் போனார்கள். இப்போது பழகிவிட்டது. அதற்குப் பெயர்கூட வைத்துவிட்டார்கள், அத்தை. ஒருவன் பீடி பிடிக்கப் போனால் இன்னொருவன், "இருடா, அத்தைகிட்ட சொல்லிடுறேன்" என்கிறான். வீட்டில் இதைச் சொன்னேன். பாப்பா, "நம்ம அத்தையா அந்தப் பெட்டிக்குள்ள இருக்காங்க?" என்று கேட்டாள். ஆமாம், உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டு இருக்கிறாள் என்றேன்.

பல் விழுந்துவிட்டது. கூரை மேல் போட்டோம். புதுப் பல் கோணலாக முளைக்கிறது, டாக்டரிடம் காட்ட வேண்டும் என்கிறார்கள்.

இந்த மாதம் ஏற்றுமதி லாட் நிறைய. தூங்கவே நேரமில்லை. உன் பெட்டிக்கு யாராவது தீனி போட்டார்களா? சும்மா கேட்டேன்.

தம்பி


மே 20

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோருக்கும் உடம்பு சரியாகத்தான் இருக்கிறது, எனக்கு மட்டும் நான்கு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. உன்னிடம்கூடச் சொல்லக்கூடாது என்பதுதான் விதி. மாமாவிடம் சொல்லவில்லை. யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்கு மூச்சுவிட முடியாது போலிருக்கிறது, நீ என் கூடப் பிறந்தவன்.

பெட்டியில் ஒரு சீட்டு இருந்தது.

தொட்டியிலிருந்து வரும் ஈரத் துணியைக் கை மொத்தத்துக்குக் கயிறாக முறுக்கி அடிக்கிறார்களாம். முதுகிலும் தொடையிலும். தோலில் கோடு விழாது என்று எழுதியிருக்கிறான். அடி வாங்கியவன் மூன்று நாள் சிறுநீரில் ரத்தம் போனதாகவும், நான்காம் நாள் வேலைக்கு வந்ததாகவும் எழுதியிருக்கிறான். ஜனவரியில் தாடை உடைந்ததும் அப்படித்தான். துணியின் முனையில் ஒரு முடிச்சுப் போட்டிருந்தார்களாம். அந்த மனிதர் வாயில் வந்த ரத்தத்தைத் துப்ப இடமில்லாமல் வெள்ளைத் துணிக் குவியலில் துப்பிவிட்டார். லாட் கெட்டுப்போனதற்கு இன்னும் இரண்டு அடி.

அடிப்பவருக்கு ஆலையில் பெயர் டாக்டராம். அடிப்பதற்கு முன் கையைத் துடைத்துக்கொண்டு, "யாருக்கு இன்னைக்கு மருந்து வேணும்?" என்று கேட்பாராம். சுற்றி நிற்பவர்கள் சிரிக்க வேண்டும். சிரிக்காதவனுக்கு அடுத்த மருந்து. என்னால் அந்தச் சிரிப்பைத்தான் தாங்க முடியவில்லை. அடியைவிட அது.

யார் இந்த டாக்டர்? உன் ஷிப்டா, மற்ற ஷிப்டா? உனக்குத் தெரியாமல் அங்கே ஒரு நூல்கூட நகராது என்று பெருமையாகச் சொல்வாயே. ஒரு வரி எழுது, போதும். சீட்டில் பெயர் இல்லை, ஆள் இல்லை. அது யாருடையது என்று எனக்கே தெரியாது, அது ஒன்றுதான் எனக்கு நிம்மதி.

உன் மனைவியை ஒருநாள் என்னிடம் போனில் பேசச் சொல். நான் கூப்பிடும்போதெல்லாம் நீதான் எடுக்கிறாய்.

அக்கா


மே 24

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். உன் கடிதம் நேற்று வந்தது, உடனே எழுதுகிறேன். எனக்கு நேரமில்லை.

தொழிலாளி ஆயிரம் கதை கட்டுவான். வேலை செய்யத் தெரியாதவன்தான் பேனா எடுப்பான். நீ நல்லவள், எவன் அழுதாலும் நம்பிவிடுவாய். மயில்நீலத் தொட்டியில் நிற்கிற இரண்டு பேரும் வந்த நாளிலிருந்தே வம்பு. அவர்கள் பேச்சை எடுத்துக்கொண்டு மேலே எதுவும் கொடுத்துவிடாதே. நான் பார்த்துக்கொள்கிறேன்.

சாப்பிடாமல் இருக்காதே. அவள் நன்றாக இருக்கிறாள்.

தம்பி


ஜூன் 15

தம்பிக்கு,

உன் உடம்பு நன்றாக இருக்கும் என்று நினைக்கிறேன். உன் மனைவியும் பாப்பாவும் நன்றாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

போன வாரம் உங்கள் ஊருக்கு வந்துவிட்டுப் போனேன். உனக்குத் தெரிந்திருக்கும். நீ கண்ணில் படவில்லை.

முதலில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். மயில்நீலத் தொட்டியில் நின்றவர்களில் ஒருவர் அங்கே இருக்கிறார். கால் வழுக்கிக் கொதிக்கும் தொட்டியில் கை வைத்துவிட்டார் என்று ஆலை எழுதியிருக்கிறது. இரண்டு கையும் முழங்கைவரை வெந்திருக்கின்றன. கட்டு மாற்றும்போது நான் பக்கத்தில் நின்றேன். நர்ஸ் துணியை உரிக்க உரிக்கத் தோலும் கூடவே வந்தது. விரல்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டியிருந்தன. வெந்த இடத்துக்கு மேலே ஒரு கோடு, இரண்டு கையிலும் ஒரே உயரத்தில், அளவெடுத்துப் போட்டது போல. வழுக்கி விழுகிறவன் ஒரு கையையாவது வேறு பக்கம் ஊன்றுவான். அவர் கழுத்தின் பின்பக்கம் நான்கு விரல் பதிந்த நீலம் இருந்தது. சாய நீலம் இல்லை.

அவர் என்னைப் பார்த்து, "நான் எதுவும் எழுதல மேடம். சத்தியமா எனக்கு எழுதவே வராது" என்றார். வலியில் முனகிக்கொண்டே அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். அவருடைய மனைவி காலடியில் உட்கார்ந்திருந்தார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

பிறகு ஆலைக்கு வந்து பெட்டியின் முன்னால் நின்றேன். வெள்ளை மூடியை யாரோ மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்திருந்தார்கள். கீல் இடுக்கில் துடைக்க முடியவில்லை. மயில்நீலம் ஒரு கீற்று அங்கே தங்கியிருந்தது.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஒரு தொட்டியில் ஒரு நாளைக்கு ஒரே நிறம். கிழிந்த கையுறையோடு வேலை செய்கிறவன் விரலில் அந்த நிறம் இருக்கும். கை கழுவும் குழாய்க்குப் பிறகு அல்ல, அதற்கு முன்னால் பெட்டி. ஒரு விரலால் தள்ளும் மூடி. பளபளப்பான வெள்ளை. சாவி எதற்கு? சீட்டைப் படிக்க வேண்டியதே இல்லை. ஷிப்ட் முடிந்ததும் வந்து மூடியைப் பார்த்தால் போதும். பூட்டுக்காக இரண்டு மணி நேரம் சண்டை போட்டவள் நான்.

இடத்தைச் சொன்னது நீ. நிறத்தைச் சொன்னது நீ. சீட்டு வந்துவிட்டது என்று உனக்குச் சொன்னது நான். எந்தத் தொட்டி என்று நான் எழுதவில்லை, எனக்கே தெரியாது. நான்கே நாளில் நீ எனக்கு எழுதினாய், மயில்நீலம் என்று.

தம்பி, டாக்டர் நீதானா?

அக்கா


ஜூலை 9

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகம். நீயும் மாமாவும் சுகமாக இருங்கள், நல்ல நாற்காலியில் உட்கார்ந்து.

நீ கேள்வி கேட்கிறாய். நானும் கேட்கிறேன். ஒரு லாட் துணியின் நிறம் ஒரு ஷேடு தப்பினால் யார் தலை உருளும் தெரியுமா? பொது மேலாளர் என்னை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்துவார். அவர் கை நீட்டமாட்டார், அவர் படித்தவர். "உன் ஆளுங்களை நீ எப்படி வெச்சுக்குவியோ, எனக்குத் தெரியாது, தெரியவும் வேணாம்" என்பார். அவ்வளவுதான். அதற்கு அர்த்தம் என்ன என்று உங்கள் பயிற்சி வகுப்பில் சொல்லிக் கொடுத்தார்களா?

நான் தொழில் கற்ற இடத்தில் மாஸ்டர் என் தலையைக் காஸ்டிக் சோடா கலந்த காரத் தண்ணீரில் ஊறிய துணிக்குள் அமுக்கிப் பிடித்தார். நான் உதைத்துக்கொள்வது நின்ற பிறகுதான் விட்டார். ஒரு வாரம் கண் தெரியவில்லை. வீட்டில் கண்நோய் என்று சொன்னேன், நீதான் சொட்டு மருந்து போட்டாய். நான் அவர்மேல் யாருக்கும் சீட்டு எழுதவில்லை. அடி வாங்கினேன், தொழில் வந்தது. இன்றைக்கு ஒரு துணியைத் தூரத்தில் பார்த்தே எத்தனை நிமிடம் வெந்தது என்று சொல்வேன். இந்தப் பயல்களுக்கு ஒரு அடி விழுந்தால் காகிதம் தேடுகிறார்கள்.

நீ கேட்டதற்கு இதுதான் பதில். வேறு பதில் கிடையாது.

இப்போது கவனமாகப் படி. அந்தச் சீட்டை இன்னும் நீ மேலே கொடுக்கவில்லை என்று எனக்குத் தெரியும். கிழித்துப் போடு. ஆஸ்பத்திரியில் பார்த்ததை மறந்துவிடு. நீ எனக்கு எழுதிய கடிதங்கள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. மே 20ஆம் தேதிக் கடிதமும். "உன்னிடம்கூடச் சொல்லக்கூடாது என்பதுதான் விதி" என்று நீயே உன் கையால் எழுதியிருக்கிறாய். ரகசியத்தை முதலில் வெளியே விட்டது யார் என்று நிர்வாகம் கேட்டால் நான் பேசவே வேண்டியதில்லை, அதை நீட்டினால் போதும். உன் வேலை போகும். நான் போனால் நீயும்.

அக்கா தம்பி என்று இருப்போம். அவளும் பாப்பாவும் நன்றாக இருக்கிறார்கள். அவள் இப்போது அதிகம் பேசுவதில்லை, வீடு அமைதியாக இருக்கிறது.

தம்பி


ஜூலை 22

தம்பிக்கு,

நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நான் இப்போது சாப்பிடுகிறேன், தூங்குகிறேன்.

மே 20ஆம் தேதிக் கடிதத்தை நீ யாரிடமும் நீட்ட வேண்டாம். நானே நீட்டிவிட்டேன். அதில் என்ன எழுதினேன் என்று ஒரு வாக்குமூலமாக எழுதி, நீ எழுதிய கடிதங்கள் எல்லாவற்றையும் சேர்த்து, துணி வாங்கும் கம்பெனிக்கும் போலீசுக்கும் கொடுத்தேன். ரகசியத்தை உடைத்தவள் நான் என்பது அதன் முதல் வரி. பெட்டியின் பொறுப்பு என்னைவிட்டுப் போய்விட்டது, சாவி இப்போது வெளியிலிருந்து வந்த ஒரு பெண் வக்கீலிடம் இருக்கிறது. வேலை போகுமா என்று தெரியவில்லை. போனால் போகட்டும். கண்ணை மூடினால் அந்த நர்ஸ் துணியை உரிப்பதுதான் தெரிகிறது, வேலை தெரியவில்லை.

உன் கண்ணுக்கு நான் மருந்து போட்டது எனக்கு நினைவிருக்கிறது. துணியால் அமுக்கினார்கள் என்று அன்றைக்கே சொல்லியிருந்தால் நான் அந்த ஆள் வீட்டு வாசலில் போய் நின்றிருப்பேன். நீ சொல்லவில்லை. வாங்கியதை வைத்திருந்து, கையெழுத்துக்கூடப் போடத் தெரியாத ஒருவரிடம் கொடுத்துவிட்டாய்.

ஆமாம், அவருக்கு எழுதத் தெரியாது. அவர் சொன்னது உண்மைதான். எழுதியவர் அதே தொட்டியில் எதிர்ப்பக்கம் நின்றவர். அவர் இப்போது உன் கைக்கு எட்டாத இடத்தில், வேறு வேலையில் இருக்கிறார். அவர் சம்மதத்தோடுதான் சொல்கிறேன். "எழுதினது நான், வெந்தது அவன் கை. மாஸ்டருக்கு அது தெரியணும் மேடம்" என்றார். நீ ஒருவர் கழுத்தைப் பிடித்து அமுக்கியபோது எழுதியவர் அந்தப் பக்கம் ஒரு அடி தூரத்தில் நின்று, நீ சிரிக்கச் சொன்னதற்காகச் சிரித்துக்கொண்டிருந்தாராம். இப்போது எதற்குச் சிரித்தாலும் வாந்தி வருகிறதாம்.

சாவியை ஒப்படைக்கும் முன் கடைசியாக ஒருமுறை பெட்டியைத் திறக்க வந்தேன். சந்துக்குள் நுழைந்ததும் பெட்டி எங்கே என்று தேடினேன். வெள்ளையைத் தேடியிருக்கிறேன். வெள்ளை எங்கேயும் இல்லை. மூடியிலும் பக்கங்களிலும் அடியிலும் கை கையாகப் பதிந்திருந்தது. சிவப்பு, பச்சை, மஞ்சள், கறுப்பு, மயில்நீலம், ஒன்றன்மேல் ஒன்று. ஷிப்ட் முடிந்து போகிற ஒவ்வொருவரும், சீட்டுப் போட்டாலும் போடாவிட்டாலும், கழுவாத கையை அதன்மேல் வைத்துவிட்டுப் போகிறார்கள். நான் நின்றபோதே மூன்று பேர் வைத்தார்கள். என்னை யாரும் பார்க்கவில்லை. ஒருவர் மட்டும், "அத்தைக்குப் புதுப் புடவை" என்றார் மற்றவரிடம்.

உள்ளே சீட்டுகள் நிறைய இருந்தன.

பாப்பாவின் கோணல் பல்லை இங்கே ஒரு நல்ல டாக்டரிடம் காட்டலாம். உன் மனைவியையும் பாப்பாவையும் அனுப்பு.

அக்கா


ஆகஸ்ட் 11

அக்காவுக்கு,

நன்றாக இருக்கிறாயா? இரு.

என்னை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். போலீஸ் இரண்டு முறை கூப்பிட்டு விசாரித்தது. பொது மேலாளருக்கு என்னை யாரென்றே தெரியாதாம். என் ஆட்கள் தெருவில் என்னைப் பார்த்தால் ஒதுங்கிப் போவதில்லை இப்போது, நேராகப் பார்க்கிறார்கள். நீ ஜெயித்துவிட்டாய்.

அதை விடு. நான் ஸ்டேஷனில் இருந்தபோது அவள் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு பல் டாக்டர் என்று ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டுப் பஸ் ஏறிவிட்டாள். உன்னிடம்தான் வந்திருப்பாள். என்னைக் கேட்காமல் அவள் என் வீட்டுக் கதவைத் தாண்டியது இதுதான் முதல் தடவை. துணியெல்லாம் எடுத்துக்கொண்டு யாரும் பல் பார்க்கப் போவதில்லை.

ஒன்று மட்டும் சொல். மதியம் எனக்குச் சாப்பாட்டுக் கேரியர் கொண்டுவரும்போது அவள் அந்தச் சந்து வழியாகத்தான் வருவாள். தினமும் பெட்டியைத் தாண்டித்தான் வந்திருக்கிறாள். எனக்கு அது தோன்றவே இல்லை. அவள் கையில் கறை இருக்காது.

அவள் அதில் ஏதாவது போட்டாளா? என்ன எழுதினாள்? கடைசியாகத் திறந்தது நீ, உனக்குத் தெரியும். ஆமாம் அல்லது இல்லை, அது போதும். மற்ற எதையும் கேட்கவில்லை. நான் அங்கே வந்து கேட்கும்படி செய்துவிடாதே. என்ன செய்தாலும் நான் உன் கூடப் பிறந்தவன். இந்த ஒன்றுக்குப் பதில் எழுது.

தம்பி


ஆகஸ்ட் 20

தம்பிக்கு,

நாங்கள் எல்லோரும் சுகம். நீயும் உடம்பைக் கெடுத்துக்கொள்ளாமல் வேளாவேளைக்குச் சாப்பிட வேண்டும்.

அவர்கள் இரண்டு பேரும் இங்கேதான் இருக்கிறார்கள். இனியும் இருப்பார்கள். பாப்பாவின் பல்லுக்குக் கம்பி போட்டாகிவிட்டது, கண்ணாடி முன்னால் நின்று பல்லைக் காட்டிக்கொண்டே இருக்கிறாள். முதல் இரண்டு நாள் மாமா கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்தபோதெல்லாம் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாள். இப்போது அவர் கதவைத் தட்டுவதில்லை, தூரத்திலிருந்தே தப்பும் தவறுமாய்ப் பாடிக்கொண்டு வருகிறார். அவள் சிரிக்கிறாள்.

உன் மனைவியின் மணிக்கட்டைப் படம் எடுத்துப் பார்த்தோம். ஒரே எலும்பு இரண்டு தடவை முறிந்திருக்கிறது, ஒன்று போன வருடத்தது. முறுக்கினால்தான் அப்படி முறியும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். நான் உன்னை ரப்பர் விரிப்பு வாங்கச் சொன்னேன். அதை நினைத்தால் எனக்கு என்மேலேயே வெறுப்பாக இருக்கிறது. அவள் என்னிடம், "அண்ணி, அவரு நல்லவருன்னு நீங்க நினைச்சிட்டிருந்தீங்க. அதைக் கெடுக்க வேணாம்னு இருந்தேன்" என்றாள்.

இங்கே வந்து கேட்பேன் என்று எழுதியிருக்கிறாய். உன் கடிதத்தின் நகல் வக்கீலிடமும் எங்கள் பகுதி ஸ்டேஷனிலும் இருக்கிறது. பூட்டை மாற்றிவிட்டோம். கதவைத் திறக்கப்போவது நான்தான், உன் மனைவி இல்லை. அதையும் தெரிந்துகொண்டு வா.

உன் கேள்வியைப் படித்தேன். ஆமாம் அல்லது இல்லை என்று கேட்டிருந்தாய்.

மார்ச் மாதம் நான் உன்னிடம் ஒன்று கேட்டேன், தரைத்தளம் மட்டுமே உள்ள ஆலையில் படிக்கட்டு எங்கே என்று. ஏப்ரலில் நினைவுபடுத்தினேன். இன்றுவரை நீ பல்லைப் பற்றியும் வெயிலைப் பற்றியும்தான் எழுதியிருக்கிறாய்.

இங்கே நேற்றிலிருந்து மழை. துணி எதுவும் காயவில்லை. பாப்பாவுக்குப் பக்கத்து முன்பல்லும் ஆடத் தொடங்கியிருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா